பிடிபட்டவன் பக்கம் மாறுறது சரியோ? பனர்லோர்ட் கைதிகளைப் பற்றி ஒரு இழுபறி

கொக்குவிலான்:
பனர்லோர்ட் எண்ட வாள் காலத்துப் போர்க் கணினி விளையாட்டில கைதியளைப் படையில சேர்க்கிற முறையைத் தூக்கவேணும், இல்லாட்டி நல்லா இறுக்கவேணும். இதுதான் என்ர கட்சி. மறுக்கிற ஆக்கள் வாங்கோ.

விளையாடாத ஆக்களுக்குச் சுருக்கமா: சண்டையில விழுகிற எல்லாரும் சாகிறேல்லை. மயங்கிக் கிடக்கிறவனைப் பிடிச்சு உங்கட படையோட இழுத்துக்கொண்டு திரியலாம். உள்ளுக்குள்ள ஒரு கணக்கு மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஏறும். அது நிரம்பினா அந்தக் கைதிக்குப் பக்கத்தில சேர்க்கிற பொத்தான் வரும். அமத்தினா அவன் உங்கட ஆள். பெரிய தர வீரனுக்குக் கொஞ்சம் கூட நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

விளையாட்டில வாற வ்லாண்டியா எண்ட நாட்டின்ர பானர் நைட் எண்ட குதிரைவீரன் ஆறாம் தரம். பிரபு வீட்டுப் பெடியனை எடுத்து, ஒவ்வொரு படியா ஏத்தி, அவன் செத்துப்போகாமல் பாத்து வளக்கவேணும். அதே ஆளை எதிரியிட்ட இருந்து பிடிச்சா ஒரு பாடும் இல்லை. ஒரு பெரிய சண்டையில வெண்டவனுக்கு அடுத்தது இன்னும் லேசு. பேந்து கல்ராடியா, அதுதான் விளையாட்டின்ர உலகம், முழுக்க ஒருத்தன்ர கையில. அதுக்குப் பிறகு என்ன விளையாட்டு?

பண்ணைக்காத்து:
நான் சேர்க்கிறதே இல்லை மச்சான். நேர தவறணைக்குக் கொண்டுபோய்த் தரகரிட்ட வித்திடுவன். கைக்காசு முக்கியம்.

மந்திரிமனை:
தம்பி கொக்குவிலான், விளையாட்டு லேசாப் போகுது எண்டு சொல்லுறீரோ, உலகத்தில நடக்காத விஷயம் எண்டு சொல்லுறீரோ? ரெண்டும் வேற வேற வழக்கு.

கொக்குவிலான்:
ரெண்டும்தான் அண்ணை.

மந்திரிமனை:
அப்ப ரெண்டாவதை முதல்ல எடுப்பம். கூலிக்குச் சண்டை பிடிக்கிறவனுக்குப் பக்கம் எண்டு ஒண்டு இருக்கெண்டு நினைக்கிறதே எங்கட காலத்துக் கண். தூரம் போகத் தேவையில்லை. ஒல்லாந்தக் கம்பனிக்கு இலங்கையில காவல் நிண்டது டி மெரோன் எண்ட சுவிஸ் ரெஜிமென்ட். 1795இல கிளெக்கோர்ன் எண்ட ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் ஐரோப்பாவில அந்தப் படையின்ர சொந்தக்காரப் பிரபுவைச் சந்திச்சுப் பேரம் பேசி, முழு ரெஜிமென்ட்டையும் பிரித்தானியர் பக்கம் திருப்பினார். அடுத்த வருசம் பெப்ரவரியில கொழும்பு விழுந்தது. அதே சுவிஸ்காரர் 1799இல ஸ்ரீரங்கப்பட்டணத்தில திப்புவுக்கு எதிரா நிண்டாங்கள். ஒருத்தனும் அழுததாத் தெரியேல்லை.

கொக்குவிலான்:
அது கைதியோ அண்ணை? ஒப்பந்தம் கைமாறினது. முதலாளி கையெழுத்து வைச்சார், ஆக்கள் புது முதலாளிக்கு வேலை செய்தாங்கள். வருசமும் 1795. துவக்கும் பீரங்கியும் வந்து எவ்வளவு காலம்?

வாள் காலத்துக்கே வாங்கோ. 1356இல புவாத்தியே சண்டையில பிரான்ஸ் ராசா இரண்டாம் ஜோனே இங்கிலாந்துக்காரரிட்டப் பிடிபட்டார். அவர் கட்சி மாறினாரோ? 30 லட்சம் பொன் நாணயம் மீட்புப் பணமாப் பேசினாங்கள். நைட் எண்டவன் பிடிச்சவனுக்கு ஒரு சொத்து. அவன்ர குடும்பம் காணியை ஈடு வைச்செண்டாலும் மீட்கும். ஊரில மாளிகையும் நிலமும் இருக்கிறவன், அதை விட்டுட்டு என்ர தினக்கூலிக்கு ஏன் வாறான்? வந்தா அங்க எல்லாத்தையும் பறிச்சுப்போடுவாங்களே.

1415இல அஜின்கோர்ட்டில ஐந்தாம் ஹென்றி கைதியளைக் கொல்லச் சொன்னார். சண்டை முடியேல்லை, பின்னால நிக்கிறவங்கள் திரும்ப எழும்பினா என்ன செய்யிறது எண்ட பயம். பிடிபட்டவன் இன்னும் எதிரிதான் எண்டு அந்த மனுசனுக்கு விளங்கியிருக்கு. துருக்கி அங்காராவில இருந்து இந்த விளையாட்டைச் செய்த டேல்வேர்ல்ட்ஸ்காரருக்குத்தான் விளங்கேல்லை.

வல்லைவெளி:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டுக் கதைக்கிறியள். கைதியைக் கொண்டு திரியிறது சும்மா இல்லை. படையின்ர வேகம் குறையும், இத்தனை பேர்தான் எண்டு அளவு இருக்கு, வழியில தப்பி ஓடுவாங்கள். சேர்த்தா மற்றப் பெடியளின்ர மனத்திடம் விழும். அது கூட விழுந்தா உங்கட சொந்த ஆக்களே ஓடுவாங்கள். அந்த விலையைக் கொடுத்துத்தான் எடுக்கிறியள்.

என்ர முறைப்பாடு வேற. தலைமைத்துவத் திறன் ஏற ஏற, உங்கட இனத்துக் கைதியளைச் சேர்க்கேக்க அந்த மனத்திட இழப்பை இல்லாமல் பண்ணுற சலுகையும் கிடைக்குது. அவங்களுக்கு விலையும் போச்சு. கொக்குவிலான் சொல்லுற கெடுதல் எல்லாம் அதுக்குப் பிறகுதான் தொடங்குது. முதல் பாதி விளையாட்டில இந்த முறை இல்லாட்டிப் புது ஆக்கள் ஒரு கோட்டைகூடப் பிடிக்கமாட்டினம்.

பண்ணைக்காத்து:
அக்கா, பொல்லு மாதிரி மழுங்கின ஆயுதம் வைச்சு அடிச்சாத்தானே கனபேர் உயிரோட பிடிபடுவாங்கள்? நான் கோடாலி. எனக்குக் கைதியே மிஞ்சிறேல்லை.

வல்லைவெளி:
பேந்தென்னத்தைத் தவறணையில விக்கிறீர்? 😂

மந்திரிமனை:
கைதிதான் வேணுமெண்டா கைதி தாறன். பனர்லோர்ட்டில வாற பேரரசு பைசாந்தியத்தை, அதுதான் கிழக்கு ரோமப் பேரரசை, பாத்துச் செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பைசாந்தியத்தில இரண்டாம் ஜஸ்டினியன் ஸ்லாவியரைத் தோற்கடிச்சு, ஆயிரக்கணக்கில சின்ன ஆசியாவில கொண்டுவந்து குடியேத்தினான். அவங்களுக்குள்ள இருந்து 30,000 பேரைத் தெரிஞ்செடுத்துத் தனிப் படை கட்டினான். ஆக, தோத்தவனை வெண்டவன்ர படையில சேர்க்கிறது கற்பனை இல்லை.

எங்கட வாசலிலயே இருக்கு. 1658இல மாசக்கணக்கா முற்றுகை போட்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சாங்கள். சரணடைஞ்ச பறங்கியரில, அதுதான் போர்த்துக்கேயரில, சிலபேர் ஒல்லாந்தரின்ர சேவையிலயே சேர்ந்தாங்கள். ஆள் பற்றாக்குறை, வேற வழி இல்லை. இதுக்கு மேல என்ன வேணும்?

கொக்குவிலான்:
கதையை ஏன் பாதியில நிப்பாட்டினியள் அண்ணை? மிச்சத்தை நான் சொல்லுறன்.

692 அளவில செபஸ்தோபொலிஸ் சண்டை. அரபுத் தளபதி காசு காட்டின உடனே அந்த ஸ்லாவியரில ஏறக்குறைய 20,000 பேர் நடுச் சண்டையில அங்கால போயிட்டாங்கள். ஜஸ்டினியன் தோத்தான். பழைய வரலாற்று நூலில அப்பிடித்தான் கணக்கு இருக்கு. எண்ணிக்கை கூடக்குறைய இருக்கலாம், நடந்தது நடந்ததுதான்.

1658இல சேர்ந்த பறங்கியர் என்ன செய்தவை? கொஞ்ச மாசத்திலயே கோட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சதி பண்ணிப் பிடிபட்டு, தலையும் போச்சு. ஒல்லாந்தப் பாதிரியாரே அதை எழுதி வைச்சிருக்கிறார்.

1630இல ரந்தெனிவெலையில போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கண்டிக்கு எதிராப் போனபோது, கூட வந்த லஸ்கரின் எண்ட உள்ளூர்ப் படையின்ர முதலிமார் ஏற்கனவே மற்றப் பக்கத்தோட பேசி முடிச்சிருந்தவை. அவை கைதிகள் இல்லை, ஆனா மாறுற நேரம் வந்த உடனே மாறினவை. டி சா அங்கயே செத்தார்.

நீங்கள் காட்டின ஒவ்வொரு ஆளும் மாறினவன்தான், சரி. ஆனா மாறினவன் திரும்பவும் மாறினான். பனர்லோர்ட்டில ஒருக்கா பொத்தான் அமத்தினா, அந்த வ்லாண்டியாக்காரன் வ்லாண்டியாவின்ர ஊரை எரிக்கப் போகேக்கையும் வாய் திறக்கமாட்டான். அதுதான் எனக்கு ஏறுதில்லை.

மட்டுறுத்துநர்:
1658 வரைக்கும் போகலாம், தாராளமா. எங்கட காலத்துக்கு இறங்கினா திரியைப் பூட்டுவன். ரெண்டு பதிவை ஏற்கனவே எடுத்தாச்சு. எழுதின ஆக்களுக்குக் காரணம் தெரியும்.

வல்லைவெளி:
கொக்குவிலான் கடைசியாச் சொன்ன இடம்தான் இந்தத் திரியில உருப்படியான இடம். இதுக்கு ஏற்கனவே ஒரு வழி இருந்தது. 2010இல வந்த வார்பாண்ட் எண்ட முந்தின விளையாட்டை விளையாடின ஆக்கள் படையின்ர மனத்திட அறிக்கையைத் திறந்து பாத்திருப்பியள். மொத்தக் கணக்குக்குக் கீழ ஒவ்வொரு நாட்டு வீரனுக்கும் தனிக் கணக்கு இருக்கும். நீங்கள் ஸ்வாடியா எண்ட நாட்டோட சண்டை எண்டா உங்கட படையில இருக்கிற ஸ்வாடியரின்ர மனம் மட்டும் விழும். ரோடொக் நாட்டு ஆக்களுக்கு ஒண்டுமில்லை. கைதியா வந்தவனோ கிராமத்தில இருந்து வந்தவனோ, ஊர் எது எண்டதை விளையாட்டு ஞாபகம் வைச்சிருந்தது.

அதனால கைதியைச் சேர்க்கேக்க நாங்களே யோசிச்சம். ஸ்வாடிய நைட்டை எடுத்து நோர்டு நாட்டுக்கு எதிரா நிப்பாட்டுவம். ஸ்வாடியாவோட சண்டை வந்தா அவங்களை ஏதாவது கோட்டையில காவலுக்கு விட்டுட்டுப் போவம். அது ஒரு தலையிடி, ஆனா அந்தத் தலையிடிதான் ருசி. அதை எடுத்துப்போட்டு நிரம்புற கணக்கு ஒண்டை வைச்சது பின்னோக்கிப் போனது. சேர்க்கிறதைத் தூக்கவேண்டாம். ஞாபகத்தைத் திருப்பித் தரட்டும்.

மந்திரிமனை:
பிள்ளை சொல்லுறது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊர்ப்பாசத்தை வீரனின்ர நெத்தியில ஒட்டிவிடுறதும் பொய்தான். டேல்வேர்ல்ட்ஸ்காரற்ற சொந்தச் சரித்திரத்தையே பாருங்கோ. ஒட்டோமான் சுல்தானுக்குக் கைதியில ஐந்தில ஒரு பங்கு. அந்த ஆக்களை வைச்சுத்தான் ஜனிசரிப் படை தொடங்கினது. பிறந்த நாட்டுக்கு எதிராவே போய் நிண்டாங்கள். சோறு போட்டவன், பக்கத்தில நிண்டு அடிபட்டவன், பங்கு பிரிச்சவன், இவங்கள்தான் அவனுக்கு ஊர்.

கொக்குவிலான்:
ஜனிசரி சின்ன வயசுப் பெடியன் அண்ணை. பாசை மாத்தி, சமயம் மாத்தி, வருசக்கணக்காப் பழக்கினது. எனக்கு வந்தவன் தாடி நரைச்ச நைட். பழக்கினது நாள் கணக்கில, அதுவும் கயித்தில கட்டி.

மந்திரிமனை:
அப்ப நாளைக் கூட்டும். ஒரு வருசம் வைச்சிரும். என்னத்துக்கு முறையையே தூக்கவேணும்?

கொக்குவிலான்:
ஒரு வருசம் கைதியைக் கொண்டு திரிஞ்சா அதுக்குள்ள விளையாட்டு முடிஞ்சிரும். சரி, இப்பிடி வைப்பம். கொள்ளைக்காரன், கிராமத்துக் காலாள், இவங்கள் சேரட்டும். மீட்க ஆள் இல்லாதவன், போக இடம் இல்லாதவன். பிரபு வரிசையில வந்தவனுக்குப் பொத்தானே வேண்டாம். மீட்புப் பணம் மட்டும், அதையும் இப்ப தரகர் தாற பிச்சைக்காசா இல்லாமல் கூட்டவேணும்.

பண்ணைக்காத்து:
இதுக்கு என்ர முழு ஆதரவு. காசு கூடினாச் சரி.

வல்லைவெளி:
அப்ப பட்டானியா நாட்டின்ர ஃபியன் சாம்பியன் எண்ட வில்லுக்காரனும் போச்சே? அதுவும் பிரபு வரிசைதான். பட்டானியாவோட உறவில்லாத ஆக்கள் அந்த வில்லுக்காரனைப் பிடிச்சுத்தான் கூடுதலா எடுக்கினம்.

கொக்குவிலான்:
ஃபியனும் போச்சு. குசைட் நாட்டின்ர கான் காவலனும் போச்சு.

மந்திரிமனை:
ஃபியன் இல்லாமல் நான் விளையாடேல்லை. நீர் உம்மட பாட்டில விளையாடும்.