மறு: ‘கிளிட்ச்’ தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திங்கள், காலை

குழுவினருக்கு வணக்கம்.

மாணவர்களின் சோதனைமுயற்சிக் கலைக் காட்சிக்கு 12 பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்றவற்றுக்கெல்லாம் ஒருவாறு சொல் கிடைத்துவிட்டது. ‘கிளிட்ச்’ மட்டும் நிற்கிறது.

1965-இல் கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜுன் பைக் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்தார். திரையில் ஒளி வளைந்து சுருண்டது. அந்தச் சுருள்தான் படைப்பு. இன்று பிள்ளைகள் படக்கோப்பைக் கெடுத்துப் பார்ப்பதும், இசைத்தட்டை உரசி ஒலி எடுப்பதும் அந்த வழியில் வந்தவை. கருவி தடுமாறும் அந்த ஒரு கணத்துக்குப் பெயர் வேண்டும். ‘கோளாறு’, ‘பழுது’ இரண்டும் வேண்டாம். அப்படி எழுதிப் பார்த்தேன். படித்த உடனே பிள்ளைகள் சரிசெய்யக் கிளம்பிவிட்டார்கள்.

திங்கள், மாலை

மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: ‘வழு’வைத் தொடாதீர்கள். அது ‘பக்’ என்பதற்கு நிலைத்துவிட்டது. வழு நிரலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், யாராவது திருத்தும்வரை போகாது. கிளிட்ச் வந்து போவது. விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962-இல் இந்தச் சொல்லை விளக்கியபோது, மின்சுற்றில் மின்னழுத்தம் திடீரென எகிறுவது என்றுதான் சொன்னார். இடறுகிறது, பிறகு நடக்கிறது. ஆகவே ‘இடறல்’.

செவ்வாய், அதிகாலை

தம்பி வேண்டாம் என்று சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

கிளிட்ச் என்பது வழுக்குதல் என்று பொருள்படும் யித்திஷ் (யூதர்களின் மொழிகளில் ஒன்று) சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். நம்மிடம் வழு, வழுவு, வழுக்கு எல்லாம் ஒரு குடும்பம். வள்ளுவர் ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்றாரே, அந்த இழுக்கலும் வழுக்கு நிலம்தான். கால் வழுக்குவதையும் சொல் வழுவுவதையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த மொழி இது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நன்னூலார் திணை, பால், இடம், பொழுது, வினா, இறை, மரபு என வழுவை ஏழாக வகுத்தார். அதோடு நிற்கவில்லை. ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’ என்றார். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்கிறோம். அது திணை வழு. மகிழ்ச்சியில் சொன்னதால் வழுவமைதி. பிழை என்று தெரிந்தே, காரணம் கருதி அதை ஏற்றுக்கொள்வதற்கு இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். காந்தத்தை வைத்த கலைஞர் செய்ததும் அதுதானே? ‘வழுவமைதிக் கலை’ என்று எழுதுங்கள் அம்மா. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

செவ்வாய், பகல்

> இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஐயா, படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. ஆனாலும் இது ஒட்டாது. ‘இந்த இடத்தில் ஒரு வழுவமைதி கேட்டது’ என்று சொல்லிப் பாருங்கள். வழுவமைதி என்பது ஏற்கும் மனநிலை. நமக்கு வேண்டியது காதில் விழும் நிகழ்ச்சியின் பெயர்.

நான் ஒலியோடு வேலை செய்கிறவள். ஜப்பானிய ஒலிக் கலைஞர் யசுனாவோ தோனே 1980-களின் நடுவில் செய்தது நினைவுக்கு வருகிறது. குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடும்படி பிழைதிருத்தும் ஏற்பாடு உண்டு. விடுபட்ட தகவலைத் தகடு இயக்கும் கருவி கணக்குப்போட்டு நிரப்பிவிடும். தோனே பசைநாடாவில் ஊசியால் நுண்துளைகள் இட்டுத் தகட்டின் அடியில் ஒட்டினார். அந்த ஏற்பாடு குழம்பியது. தகட்டில் எழுதியிராத ஒலிகள் தெறித்து வந்தன. அதைக் கேட்டால் முதலில் வாயில் வரும் தமிழ்ச்சொல் ‘பிசிறு’. குரல் பிசிறு தட்டுகிறது என்று பாடுகிறவர்கள் அன்றாடம் சொல்கிறோம். துணியின் ஓரத்திலும் பிசிறு உண்டு, ஆகவே படத்துக்கும் பொருந்தும். விளக்கமே தேவையில்லை.

‘திக்கல்’ என்றும் நினைத்தேன். திக்கிப் பேசுகிறவர்களைப் புண்படுத்துமோ என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய், இரவு

ஏன் இத்தனை பாடு? உலகம் முழுக்க கிளிட்ச் என்றால் புரிகிறது. மாணவர் நாளை இணையத்தில் தேடவேண்டாமா? ‘பிசிறுக் கலை’ என்று தேடினால் என்ன கிடைக்கும்? தொல்காப்பியரே வடசொல்லை ‘எழுத்தொடு புணர்ந்த சொல்’லாக ஏற்றார். ட் என்னும் மெய்யின் பின் ச வரலாம் என்பதும் அவர் விதி. காட்சி, கட்சி, வெட்சி எல்லாம் உண்டு. இறுதியில் ச் மட்டும்தான் நில்லாது. உகரம் சேர்த்துக் ‘கிளிட்சு’ என்றால் ஒலிவிதிப்படி முழுத் தமிழ்.

புதன், அதிகாலை

எழுத்து தமிழானால் சொல் தமிழாகிவிடுமா? வடசொல்லை ஏற்ற நூற்பாவை எந்தச் சொல் வந்தாலும் வாசலில் வைத்து வரவேற்கும் பலகையாக்கிவிட்டோம். தேடுவதற்கு வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். சிந்திப்பதற்கு நம் சொல் வேண்டும். கிளிட்சு என்று படிக்கிற பிள்ளைக்கு அதிலிருந்து வேறெந்தச் சொல்லும் கிளைக்காது.

அப்புறம், பிசிறு சொன்ன அம்மாவுக்கு: சங்கப் பாட்டில் ‘பிசிர்’ என்றால் அலை உடைந்து தெறிக்கும் நீர்த்திவலை. உங்கள் காது உங்களுக்குத் தெரியாமலே அங்கே போயிருக்கிறது. இன்னொன்று, பிசிராந்தையாரின் ஊர்ப்பெயரும் பிசிர். கோப்பெருஞ்சோழனை ஒருமுறைகூடப் பார்க்காமல் நட்பு கொண்டு, அவன் வடக்கிருந்தபோது தேடிவந்தவர். நாமும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

புதன், மாலை

ஊர்ப்பெயருக்கும் நீர்த்திவலைக்கும் தொடர்பு உண்டா ஐயா? ஓசை ஒன்றானால் வேர் ஒன்றாகிவிடாது. ‘இடறல்’ பற்றி இதுவரை யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

வியாழன், இரவு

எல்லோருக்கும் நன்றி. நாளை அச்சு. இன்று வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தேன். ஒரு நிழற்படத்தைச் சுருக்கப்படாத வடிவில் சேமித்து, ஒலி திருத்தும் மென்பொருளான ஒடாசிட்டியில் ஒலிக்கோப்பைப்போலத் திறந்தோம். கோப்பின் வடிவத்தைச் சொல்லும் தலைப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதிக்கு எதிரொலி கொடுத்து, மறுபடி படமாகத் திறந்தோம். முகம் பக்கவாட்டில் நகர்ந்து, மங்கலாக இன்னொரு முறையும் இன்னொரு முறையும் வந்திருந்தது. வகுப்பே கொஞ்ச நேரம் பேசவில்லை. எதிரொலியைக் கண்ணால் பார்க்க முடியும் என்று அவர்கள் நினைத்ததில்லை. நானும்தான்.

பலகையில் நான்கு சொற்களையும் எழுதி, எது பொருந்துகிறது என்று கேட்டேன். பெரும்பாலோர் பிசிறு என்றார்கள். இடறல் என்று சொன்ன இருவர், படம் ‘நகர்ந்ததை’க் காரணம் காட்டினார்கள் (தம்பி கவனிக்க). வழுவமைதியை விளக்கியபோது பசு எடுத்துக்காட்டுக்கு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு மாணவி, ‘அப்போ நாங்க வேணும்னே செஞ்சா அது பிழையே இல்லையா?’ என்று கேட்டாள். மீதி நேரம் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடியது.

ஆகவே நிகழ்வுக்குப் ‘பிசிறு’, கலைக்குப் ‘பிசிறுக் கலை’. முன்னுரையில் வழுவமைதி பற்றி ஒரு பத்தி. சொல்லடைவில் கிளிட்ச் என்றும் இருக்கும். எல்லோருக்கும் நிறைவில்லை என்று தெரியும். எனக்கும் நேரமில்லை.

வெள்ளி, காலை

குழுவில் நெடுநாளாகப் படித்து மட்டும் வருகிறேன். இது என் முதல் மடல். அச்சுக்குப் போயிருக்கும், இருந்தாலும் பதிவுக்காக.

நான் திக்கிப் பேசுகிறவன். ‘திக்கல்’ எங்களைப் புண்படுத்தும் என்று விட்டுவிட்டீர்கள். அக்கறை புரிகிறது. ஆனால் 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் என்ன செய்தார் என்று பாருங்கள். அவரும் திக்கிப் பேசியவர். ஓர் அறையில் உட்கார்ந்து சில வரிகளைப் பேசிப் பதிவு செய்தார். அதே அறையில் அதை ஒலிக்கவிட்டு மீண்டும் பதிந்தார். அந்தப் பதிவை மீண்டும், அதையும் மீண்டும். சுற்றுக்குச் சுற்று அறையின் ஒத்ததிர்வு ஏறிச் சொற்கள் கரைந்துபோயின. பேச்சின் ஒழுங்கின்மைகளைச் சமனாக்கும் வழி இது என்று அந்த வரிகளிலேயே சொல்கிறார், சொல்லும்போதே திக்குகிறார். கடைசியில் எந்தச் சொல்லும் மிஞ்சவில்லை. தாளம் மட்டும் மிஞ்சியது. அவர் நின்று நின்று பேசிய இடங்களும் அந்தத் தாளத்தில்தான் இருக்கின்றன.

பிசிறு ஓரத்தில் இருப்பது, நறுக்கிவிடலாம். தகடு ஒரே இடத்தில் த-த-த என்று நிற்பது பிசிறு இல்லை, திக்கல். அந்த ஒலியை முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தெரிந்த ஒருவர் பேசுவதுபோல் இருந்தது. அடுத்த பதிப்பு வரும்போது அந்தச் சொல்லையும் பலகையில் எழுதுங்கள்.