கிளிக்கூண்டு மாதிரி பழைய பியானோ: கீயை விட்டாலும் சத்தம் நிற்கவில்லை

கேள்வி:
லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் வீடு காலி செய்தவர்கள் சும்மா கொடுத்த அப்ரைட் பியானோ (நிமிர்ந்து நிற்கும் வகை), மகள் பழகட்டும் என்று எடுத்து வந்தோம். 85 கீ, முன்பலகையில் மெழுகுவர்த்திக்கு இரண்டு பித்தளைத் தாங்கிகள். கீயை விட்ட பிறகும் நடுவில் ஏழு சுரங்கள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன, மேல் கோடியில் எல்லாமே அப்படி. திறந்து பார்த்தால் தந்தியை அடிக்கும் சுத்தியல்களுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள், அசல் கிளிக்கூண்டு. வந்து பார்த்த டியூனர் ஒருவர் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். மகள் இரண்டு நாளாக அழுகிறாள்.

பதில்:
அக்கா, அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். இதற்கு இங்கே பேரே பேர்ட்கேஜ்தான். இப்போதைய அப்ரைட்டில் டேம்பர், அதாவது தந்தியை அழுத்திச் சத்தத்தை நிறுத்தும் துண்டு, சுத்தியலுக்குக் கீழே இருக்கும், இதில் மேலே, தந்தி முடியும் இடத்துக்குக் கிட்ட. அங்கே தந்தி அதிகம் ஆடாது, அதனால் டேம்பரின் ஃபெல்ட் (கம்பளி) துணி அழுத்தினாலும் நடுவில் பிடித்து நிறுத்துவது போல டக்கென்று நிற்காது. கீயை அழுத்தினால் அந்தக் கம்பி மேலே போய் டேம்பரைத் தந்தியிலிருந்து விலக்கும், விட்டால் இறங்க வேண்டும். மேல் கோடியில் எந்தப் பியானோவிலும் டேம்பர் கிடையாது, அது குறையே இல்லை. நடுவில் உள்ள ஏழையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டு, கம்பி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கம்பியை வளைக்க வேண்டாம்.

கேட்டவர்:
பார்த்தேன். இரண்டில் கம்பியே இறங்கவில்லை, கீ பக்கத்துக் கீயோடு உரசி பாதியில் நிற்கிறது. மற்ற ஐந்தில் கம்பி இறங்குகிறது, டேம்பர் மட்டும் விலகியே நிற்கிறது, விரலால் தட்டினால் சத்தம் நின்றுவிடுகிறது!

பதில்:
சரி, அப்படியானால் முதல் இரண்டும் கீ விஷயம். ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், இல்லாவிட்டால் இடுக்கில் காசோ பென்சில் துண்டோ கிடக்கும். மற்ற ஐந்தும் டேம்பர் திரும்பும் அச்சு ஊசி இறுகியது. எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள், துணியில் ஊறி நிலைமை மோசமாகும். பேர்ட்கேஜ் பழகிய ஆளைத் தேடுங்கள், டேம்பர்கள் மறிப்பதால் டியூன் செய்யச் சாதாரண ரப்பர் ஆப்பு நுழையாது, பக்கத்துத் தந்தியின் சத்தத்தை அடக்கும், இடுக்கி போல விரியும் மியூட் வேண்டும், அதனாலேயே பலர் தொட மாட்டார்கள். வருகிறவரிடம் இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றச் சொல்லாதீர்கள், அத்தனை வயதான பியானோ, தந்தி அறும், தந்தி சுற்றிய ஊசிகளும் தாங்காது. தனக்குள் சுருதி சேர்ந்திருந்தால் மகளுக்குப் போதும்.

கேட்டவர்:
ஒரு இடுக்கில் பழைய பென்னி காசு கிடந்தது அண்ணா! அந்த இரண்டும் சரியாகிவிட்டன. ஐந்துக்கும் ஆள் தேடுகிறேன்.