நியூயோர்க் பார் பரீட்சை: 262 எடுத்தவள் எங்கே நிற்கிறாள்?

வெள்ளவத்தை நிலா:
தங்கச்சி ஜூலையில் நியூயோர்க் பார் எழுதினாள், அங்கே சட்டத்தரணியாவதற்கான பரீட்சை. 262தான் வந்தது, வெட்டுப்புள்ளி 266. எம்பிஈ என்கிற பல்தேர்வுப் பகுதியில் 134, எழுத்துப் பகுதியில் 128. பெப்ரவரி பேர்சன்டைல் அட்டவணையில் அந்த 134 பாதிப் பேருக்கு மேலே நிற்கிறது, ஜூலை அட்டவணையில் பாதிக்குக் கீழே. "அப்ப பெப்ரவரியில் எழுதியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பாளே" என்கிறார் அப்பா. அது சரியா?

புதுக்கடைச் சட்டத்தரணி:
இல்லை, அக்கா. அப்பா நம்ம ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) இசட் புள்ளியை மனதில் வைத்துப் பேசுகிறார். அது அந்த வருஷம் அந்தப் பாடம் எழுதியவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று சொல்வது, கூட எழுதியவர்கள் மாறினால் அதுவும் மாறும். எம்பிஈ அப்படியில்லை. 200 கேள்வியில் 175க்குத்தான் புள்ளி, மற்ற 25 பரீட்சித்துப் பார்க்கப் போடுவது. பழைய கேள்விகள் சிலவற்றையும் கலந்து, தாள் எவ்வளவு கடினம் என்று கணக்குப் பார்த்து அளவைச் சரிப்படுத்துகிறார்கள். அதனால் எந்த மாதம் எடுத்தாலும் 134 என்றால் 134தான். மாறுவது கூட்டம்: பெப்ரவரியில் திரும்ப எழுதுகிறவர்கள் அதிகம், தேசிய சராசரி 131 பக்கம், ஜூலையில் 140 பக்கம். பேர்சன்டைலைத் தூக்கி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை மலர்:
தூக்கி வைக்கச் சொல்வது அநியாயம். மொத்தத்தில் பாதி எழுத்துப் பகுதி, கட்டுரைக்கு 30 வீதம், எம்பிடி என்கிற செய்முறைப் பகுதிக்கு 20. அந்தத் தாள்களை அதே மாநிலத்தில் கூட எழுதியவர்களின் தாள்களோடு வைத்துத்தானே தரம் பிரிக்கிறார்கள்? அப்படியென்றால் அந்த 128 ஓர் ஒப்பீடு. பெப்ரவரிக் கூட்டத்தில் அதே கட்டுரை மேலே வரும்.

புதுக்கடைச் சட்டத்தரணி:
வரிசையில் மேலே வரும், புள்ளியில் வராது. எழுத்துப் புள்ளியை அந்தக் கூட்டத்தின் எம்பிஈ சராசரியோடும் பரவலோடும் பொருத்துகிறார்கள். கூட்டம் பலவீனம் என்றால் எம்பிஈ சராசரி இறங்கும், எழுத்துப் புள்ளியும் கூடவே இறங்கும். 2023இல் ஜிபிடி-4 என்கிற செயற்கை நுண்ணறிவு இதே பரீட்சையில் 298 எடுத்து முதல் 10 வீதத்துக்குள் வந்தது என்று பெரிதாகப் பேசினார்களே, அந்த ஒப்பீடு பெப்ரவரியில் திரும்ப எழுதியவர்களின் பக்கம் சாய்ந்தது என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. 298 அப்படியே இருந்தது, இடம்தான் இறங்கிப் போனது.

கொட்டாஞ்சேனை மலர்:
சரி, மாதம் மாற்றி லாபம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை பார்த்துக்கொண்டு திரும்பப் படிக்கிற பிள்ளைக்கு வெறும் "266 எடு" என்றால் எங்கே கை வைப்பது? மற்றவர்கள் எந்தப் பகுதியில் தன்னைத் தாண்டிப் போகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? நாலு புள்ளிக்கு அவள் முழுவதையும் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை.

மருதானை வாசகன்:
இன்னொன்று, இதே பரீட்சைக்கு மிசூரியிலும் மினசோட்டாவிலும் வெட்டுப்புள்ளி 260. இதே 262 அங்கே பாஸ். ஆனால் வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, முதலில் அதைப் பாருங்கள்.

வெள்ளவத்தை நிலா:
அவளுக்கு நியூயோர்க்தான் வேண்டுமாம்.

கொட்டாஞ்சேனை மலர்:
அப்போ எம்பிடியில் தொடங்கட்டும். அதற்குச் சட்டம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, வழக்குக் கோவையும் சட்டப் பகுதிகளும் கையிலேயே தருவார்கள், ஒன்றுக்கு 90 நிமிடம். 128ஐ 132 ஆக்க அதுதான் கிட்டின வழி.