குடிநீர்த் திட்டத்துக்காக எங்கள் குளத்தைச் சுற்றி வேலியும் அகழியும்: ஆட்சேபத்தை எப்படி எழுதிக் கொடுப்பது?

அலைகரை எழுதியது:

வணக்கம் உறவுகளே.

கிளிநொச்சி மாவட்டத்தின் தென்புறத்தில் உள்ள ஒரு கிராமத்தின் கமக்காரர் அமைப்பில் இருக்கிறேன். எங்கள் குளத்திலிருந்து பக்கத்து நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் நிறுவனம், குளத்தைச் சுற்றிக் கொங்கிறீற்றுத் தூண் நட்டு முட்கம்பி அடிக்கவும், வேலிக்கு வெளியே ஓர் ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழத்துக்கு அகழி வெட்டவும் தீர்மானித்திருக்கிறது. இதை எங்களுக்கு எவரும் எழுத்தில் அறிவிக்கவில்லை. அளவுக்கட்டைகள் அடிக்கப்பட்டு, மண் வெட்டும் இயந்திரமான பெக்கோ வந்து குளக்கட்டின் ஓரத்தில் நின்ற பிறகுதான் ஊர் விசாரிக்கத் தொடங்கியது. எங்கள் இளைஞர்கள் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றதால் வேலை இப்போதைக்கு நின்றிருக்கிறது. ஆனால் அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது எவருக்கும் தெரியாது.

நகரத்து மக்களுக்குத் தண்ணீர் கொடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாயில் வரும் தண்ணீரை எதிர்பார்த்து அங்கே எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும்; எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கவலை வேலி போகும் கோட்டைப் பற்றியது. கட்டைகள் அடிக்கப்பட்டிருப்பது குளம் நிறைந்து நிற்கும்போது தண்ணீர் தொடும் விளிம்பை ஒட்டி. ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அந்த விளிம்பிலிருந்து வெகுதூரம் உள்ளே வாங்கிவிடும். அப்போது ஊரில் பச்சைப் புல் இருக்கும் ஒரே இடம், தண்ணீர் வற்றிய அலைகரைதான். பட்டி மாடுகளும் எருமைகளும் அங்கேதான் மேய்ந்து அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன. மீன்பிடிக்கும் குடும்பங்கள் தோணி இறக்கும் துறையும், கோயிலுக்குப் போகும் பாதையும் அதே கோட்டுக்குள் அகப்படுகின்றன.

கிராம சேவையாளரிடம் வாய்மொழியாகச் சொன்னோம். பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் கடிதத்தில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். வேலியே வேண்டாம் என்று கேட்பதா, அல்லது கோட்டை மாற்றச் சொல்லிக் கேட்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது.

துருசடி எழுதியது:

நீர்ப்பாசன வேலைகளில் நீண்ட காலம் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி, வேலியையும் அகழியையும் ஒரே கோரிக்கையாக எழுதாதீர்கள். வேலி பிழையான இடத்தில் போடப்பட்டால் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். அகழி அப்படியல்ல, பிழையான இடத்தில் வெட்டப்பட்ட அகழி குளத்துக்கே தீங்காக முடியும்.

பெக்கோ குளக்கட்டின் ஓரத்தில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டின் எந்தப் பக்கம் என்பதை உடனே போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மண்ணாலான எந்தக் குளக்கட்டிலும் தண்ணீர் சிறிது சிறிதாக ஊடுருவி, கட்டின் வெளிப்புற அடியில் ஈரமாக வெளிவரும். அந்தக் கசிவு நீண்ட தூரம் மண்ணுக்குள்ளால் மெதுவாக வருவதால்தான் மண்ணை அரிக்கும் வேகம் அதற்கு இருப்பதில்லை. கட்டின் அடியை ஒட்டி ஆழமாக ஒரு கிடங்கை வெட்டினால் அந்தத் தூரம் குறைகிறது. கட்டுக்கு அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த மண்ணும் போய்விடுகிறது. குளம் நிறைந்து நிற்கும் மார்கழியில் கசிவு கலங்கிய ஊற்றாக மாறி மண்ணைச் சுமந்துகொண்டு வெளிவரத் தொடங்கினால், மணல் மூட்டைகளோடு இரவுபகலாக நிற்க வேண்டி வரும். அப்படி நின்றும் காப்பாற்ற முடியாமற்போன கட்டுகள் உண்டு. கட்டின் அடியில் கசிவு நீரை வடியவிடுவதற்கென்று முறையாக அமைக்கப்படும் வடிகான் வேறு. அதில் மண் அரிபடாமல் மணலும் சல்லியும் அடுக்கடுக்காகப் போடப்படும். மாடு தாண்டாமல் இருக்க வெட்டும் அகழியை அதனோடு ஒப்பிட முடியாது.

குளத்தின் மேற்புறத்தில், அதாவது காட்டுப் பக்கத்தில், அகழி வெட்டினால் கேடு வேறு விதமாக வரும். வன்னிக் குளங்களிற் பல ஆற்றுநீரை மட்டும் நம்பி நிறைவதில்லை; காட்டுத்தரையிலிருந்து சிறு சிறு ஓடைகளாகவும் பரவலாகவும் வரும் மழைநீர் அவற்றுக்குப் பெரிய பங்கு. அலைகரைக்கு வெளியே தொடர்ச்சியாக ஓர் அகழி இருந்தால் அந்த நீர் குளத்துக்குள் இறங்காமல் அகழியோடு ஓடி, தரை தாழ்ந்த இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். வன்னியின் செங்கபில மண் கோடையில் பாறைபோல் இறுகி நிற்கும். மழையில் ஊறினால் கரையோடு சரியும். வெட்டியெடுத்த மண்ணை அகழியின் உட்புறமாகக் குவித்துவிட்டால், முதல் மழையிலேயே அதிற் பெரும்பங்கு குளத்துக்குள் போய்ச் சேரும். குளத்தைத் தூரெடுப்பதற்குப் பணம் தேடி அலைகிற நாட்டில், நாமே மண்ணைக் குளத்துக்குள் தள்ளுவதை எந்தப் பொறியியலாளரும் ஏற்கக் கூடாது.

ஆகவே கடிதத்தில் அகழியை முற்றாகக் கைவிடும்படி கேளுங்கள். வாகனம் உள்ளே வருவதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், பாதை வாயில்களில் தடுப்புத் தூண்கள் போதும்.

அடுத்தது, குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். பாசனப் பரப்பு 200 ஏக்கருக்குக் குறைந்த சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதற்கு மேற்பட்டதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். மாகாணத்தினுடையதா மத்தியினுடையதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீர் எடுக்க அனுமதி பெற்ற நிறுவனம் குளத்தின் உரிமையாளராகிவிடுவதில்லை. கட்டுக்கோ குளத்தைச் சுற்றி ஒதுக்கப்பட்ட காணிக்கோ கை வைப்பதென்றால், குளத்துக்குப் பொறுப்பான திணைக்களத்தின் எழுத்து மூலமான சம்மதம் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதியைக் கூட்டத்தில் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

முறிப்பு எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மிதிவெடி அகற்றும் பணியில் சில காலம் இருந்தேன். அகற்றிக் கையளித்த காணி என்பது ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை தேடிக் கையளித்த காணி. ஆளுயரத்துக்கு வெட்டுவது அந்த ஆழத்தைத் தாண்டும். 2008, 2009 காலத்துச் சண்டை உங்கள் பகுதியாற் போயிருந்தால், பெக்கோ மண்ணில் வாய் வைக்கும் முன் தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு மையத்திடம் கேட்கும்படி கடிதத்தில் எழுதுங்கள். இயந்திரம் ஓட்டுகிற பையனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

நகரத்துக் குடிமகள் எழுதியது:

இங்கே பெரும்பாலும் கமக்காரர்கள் எழுதுவதால், குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் பக்கத்திலிருந்து நானும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உவர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன என்பதை வன்னியில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. நல்ல தண்ணீர் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

அந்தக் குளத்தை நானும் பார்த்திருக்கிறேன். நீர் உள்ளெடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே முச்சக்கர வண்டியைக் கழுவுகிறார்கள். உழவு இயந்திரத்தை இறக்கி எண்ணெய் படரக் கழுவுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போத்தல்களையும் பொலித்தீனையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். எருமைகள் படுத்துக் கலக்கிய நீரைச் சுத்திகரிப்பதற்குக் கூடுதலான மருந்து போட வேண்டியிருக்கிறது. அதைத் தடுக்க ஒரு வேலி வேண்டும் என்று நினைப்பது அநியாயமா? அகழியைப் பற்றி ஐயா சொன்ன காரணங்களை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேலியே வேண்டாம் என்று உங்கள் ஊர் எழுதினால், எங்கள் ஊர் உங்களுக்கு எதிராக எழுதும் நிலை வந்துவிடும். அதை நான் விரும்பவில்லை.

துருசடி எழுதியது:

அக்கா சொல்வது நியாயமானது. உள்ளெடுக்கும் கோபுரத்தைச் சுற்றியும், அதற்கு இரு பக்கமும் போதிய தூரத்துக்குக் கட்டு ஓரமாகவும் வேலி அடைப்பதை ஊர் தானாகவே முன்வந்து ஏற்க வேண்டும். வாகனம் கழுவுவதை ஊர் தடைசெய்தால் அதற்கு வேலியே தேவையில்லை. மாடுகள் இறங்குவதற்கு உள்ளெடுப்பிலிருந்து தொலைவான கரையில் ஒரு துறையைக் கல் பாவி ஒதுக்கலாம். இன்னொன்றையும் இங்கே பதிந்து வைக்கிறேன்: மேலே உள்ள வயல்களிலிருந்து மழையோடு வரும் உரத்தையும் பூச்சிமருந்தையும் எந்த முட்கம்பியும் மறிக்காது. கோடையில் தண்ணீர் பச்சையாகப் பாசி பிடிப்பதற்கு அந்த உரமும் ஒரு காரணம். தண்ணீரின் தரத்தைக் காப்பதற்காகச் செலவு செய்கிறோம் என்று நிறுவனம் சொல்லுமானால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அலைகரைக்கு மேலே மருதும் நாவலும் நட்டு மரக்காப்பு உண்டாக்கச் செலவிடும்படி நகரமும் ஊரும் சேர்ந்து கேட்கலாம்.

கிளிநொச்சியின் பெரிய பாசனக் குளமான இரணைமடுவை நினைத்துப் பாருங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் வந்தபோது, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதுதான் திட்டமாக இருந்தது. கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு ஏற்கெனவே தண்ணீர் போதவில்லை என்பதைக் கமக்காரர்கள் முன்வைத்து நின்றார்கள். முடிவில் யாழ்ப்பாணத்துக்கு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. கமக்காரர்களின் குரல் கேட்கப்பட்டது நல்லது. ஆனால் அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தான், வன்னியான் என்று நம்மவர்கள் ஒருவரையொருவர் பேசிய பேச்சு இன்றும் எனக்கு வலிக்கிறது. உங்கள் ஊருக்கும் பக்கத்து நகரத்துக்கும் இடையில் அது நடக்கவே கூடாது.

பட்டிக்காரர் மகள் எழுதியது:

என்னுடைய தகப்பனார் மாடு வளர்ப்பவர். துறை ஒதுக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. மாரிமழையை நம்பிச் செய்யும் காலபோகம் விதைத்த பிறகு வயலுக்குள் மாட்டை விட முடியாது. மேய்ச்சல் தரை என்று அறிவித்த காணிகள் பல இடங்களில் வனத்துக்குள் போய்விட்டன. அலைகரைப் புல்லையும் அடைத்துவிட்டால் பட்டியை விற்பதைத் தவிர வழியில்லை. கடிதம் எழுதும்போது வேலிக்கு எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வாயில் திறந்திருக்கும் என்பதையும், பூட்டின் திறப்பு எவரிடம் இருக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். திறப்பு நகரத்து அலுவலகத்தில் இருந்தால் அந்த வாயில் இருந்தும் பயனில்லை. யானை வரும் பக்கத்தையும் மறக்காதீர்கள். அது தண்ணீருக்கு வரும் வழியை மறித்தால் வேலியைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள்தான் வரும்.

கோவைக்கட்டு எழுதியது:

சட்ட வழியை மட்டும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு இன்றே விண்ணப்பம் கொடுங்கள். வேலியும் அகழியும் போகும் கோட்டின் வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்தம், குளத்துக்குப் பொறுப்பான திணைக்களத்தின் சம்மதக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட கருத்திட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்னரே, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அதைப் பற்றிய தகவலைத் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அது சொல்கிறது. அவசரத் திட்டமாக இருந்தால் மட்டுமே அந்தக் காலம் ஒரு வாரமாகக் குறையும். குளத்தைச் சுற்றித் தூண் நட்டு அகழி வெட்டும் வேலை 5 இலட்சத்துக்குள் முடியாது. உங்களுக்கு அறிவித்தல் வரவில்லை என்பதை இந்தப் பிரிவைச் சுட்டி ஒரு பந்தியில் எழுதுங்கள். இளைஞர்களிடம் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவர் மீது வழக்கு விழுந்துவிட்டால் பேச்சு முழுவதும் குளத்தை விட்டு வழக்குக்குப் போய்விடும்.

அலைகரை எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் எங்கள் ஊரின் நன்றி. பெக்கோ நின்ற இடத்தை இன்று போய்ப் பார்த்தோம். ஐயா பயந்தது சரி. துருசுக்கு, அதாவது வயலுக்கு நீர் திறக்கும் மதகுக்கு, கிழக்கே கட்டின் வெளிப்புற அடியை ஒட்டித்தான் கட்டைகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. படம் எடுத்து, கட்டிலிருந்து ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதியிருக்கிறோம்.

அமைப்பின் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டோம். அகழி வேண்டாம், உள்ளெடுப்பைச் சுற்றிய வேலிக்குச் சம்மதம், அலைகரைக்கு வேலி போடுவதென்றால் ஊரோடு சேர்ந்து நடந்து கோட்டைக் குறித்த பின்னரே என்று கடிதம் எழுதப்படுகிறது. வாயிலின் திறப்பு கமக்காரர் அமைப்பிடமும் நன்னீர் மீன்பிடிச் சங்கத்திடமும் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கழுவும் வாகனங்களைத் தடுக்கும் பொறுப்பை நாங்களே ஏற்பதாகவும் எழுதுகிறோம்.

நகரத்து அக்காவிடம் ஒரு வேண்டுகோள். பிரதேச செயலகக் கூட்டத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்தும் சிலர் வந்து எங்களோடு ஒரே வரிசையில் இருக்க முடியுமா? கூட்டம் ஐப்பசி மழைக்கு முன்னர் நடந்தாக வேண்டும். திகதி கிடைத்தவுடன் இங்கே எழுதுகிறேன்.