அப்பாவுக்கு பயோ-மேத்ஸ், மகளுக்கு காமர்ஸ்: எதை வைத்து முடிவெடுப்பது?

தாய்மாமன்:
அக்கா மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். காமர்ஸ் எடுத்து சி.ஏ. படிக்க ஆசை. அத்தானோ, "பயோ-மேத்ஸ் எடுத்தால் டாக்டர், இன்ஜினியர் ரெண்டு கதவும் திறந்திருக்கும்" என்கிறார். அட்மிஷனுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். அவரிடம் என்ன சொல்லிப் பேசுவது?

கட்-ஆஃப் கணக்கர்:
அந்த இரண்டு கதவுக் கணக்கு பெரும்பாலும் உடைவது கணிதத்தில்தான். நீட்டில் 720 மதிப்பெண்: உயிரியல் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. கணிதமே கிடையாது. கோச்சிங் போகும் பிள்ளை கணிதத்தைத் தள்ளிப்போடும். ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதம் மட்டும் 100. இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைத்து 50, 50. இயற்பியல், வேதியியலில் நூற்றுக்குத் தலா 90 வாங்கியும் கணிதம் 70 என்றால் கட்-ஆஃப் 160. அதே பிள்ளை கணிதத்தில் 95 எடுத்தால் 185. நீட்டும் கைகூடாமல், நினைத்த கல்லூரியும் கிடைக்காமல் நிற்பது இப்படித்தான்.

இன்னொன்று. சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனைப் பன்னிரண்டில் எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். ஆக, அத்தான் சொல்வதைக் கேட்டாலும் சி.ஏ. கதவு மூடாது. காமர்ஸ் எடுத்தால்தான் மருத்துவமும் பொறியியலும் கைவிட்டுப் போகும். இதை அவளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேரேடு:
கதவு மூடாதுதான், ஆனால் கணக்குப்பதிவியலைப் பன்னிரண்டுக்குப் பிறகு அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஃபவுண்டேஷன் நான்கு தாள், 400 மதிப்பெண். தாளுக்கு 40, மொத்தத்தில் 200 வேண்டும். மூன்றாவது தாளில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் வரும், தவறான விடைக்கு கால் மதிப்பெண் போகும். அதனால் காமர்ஸ் எடுத்தால் வணிகக் கணிதம் உள்ள பிரிவாகப் பாருங்கள். கணக்குக்குப் பயந்து காமர்ஸ் என்றால் சி.ஏ. பேச்சே வேண்டாம்.

அந்த ஆசை அவளுடையதா, தோழியுடையதா என்று பார்க்க இந்த இரண்டு வாரம் போதும். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல் இணையத்தில் இலவசம். இரட்டைப் பதிவு, குறிப்பேடு, பேரேடு வரை தினம் ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்கள். பிறகு ஓர் இருப்பாய்வு (பற்று, வரவு இரு பக்கமும் சமமாகிறதா என்று பார்க்கும் பட்டியல்). இரு பக்கமும் ஒட்டாதபோது தப்பைத் தேடி உட்காருகிறாளா, நோட்டை மூடுகிறாளா?

ஆசிரியர்:
அத்தானின் பயம் பெரும்பாலும் வருமானம் பற்றியதுதான். "ஆசைப்படுறா" என்று தொடங்கினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: ஃபவுண்டேஷன், அடுத்த கட்டமான இன்டர் தேர்வில் இரு குரூப், இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பயிற்சி; உதவித்தொகை உண்டு, குறைவுதான்), ஃபைனல். கூடவே பி.காம். சேர்த்துவிட்டால் ஃபைனல் இழுத்தாலும் கையில் டிகிரி இருக்கும். ஃபைனலில் பலர் இரண்டு மூன்று முறை எழுதுகிறார்கள், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் "அன்னைக்கே சொன்னேனே" என்பார்.

குரூப் மாற்றுவதென்றால் முதல் சில வாரங்களிலேயே, அதுவும் இடம் இருந்தால். காலாண்டு தாண்டிவிட்டால் பள்ளியில் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.