பந்தையே தொடாத ஜோ தாமஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனது எப்படி?

புதுரசிகன்:
இரண்டு மாதமாகத்தான் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கிறேன். குவார்ட்டர்பேக் எறிகிறார், ரிசீவர் பிடிக்கிறார், அதுவரை சரி. ஆனால் கிளீவ்லாந்து பிரவுன்ஸின் ஜோ தாமஸ் என்பவர் பந்தை எறியவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, அவர் இருந்தவரை அணி ஒரு பிளே-ஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்று) கூட ஆடவில்லை, அப்படியும் 2023இல் தகுதி பெற்ற முதல் வருடமே ஹால் ஆஃப் ஃபேமில் (ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்) சேர்த்திருக்கிறார்கள். என்ன கணக்கு இது?

நாலாவது குவார்ட்டர்:
அவர் லெஃப்ட் டேக்கிள், அதாவது குவார்ட்டர்பேக்குக்குக் காவலாக முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர். குவார்ட்டர்பேக் வலது கைக்காரர் என்றால் எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவர் முதுகுப் பக்கம் ஆகிவிடும், அங்கிருந்து பாய்ந்து வருபவன் கண்ணிலேயே படமாட்டான். 1985இல் எதிரணியின் லாரன்ஸ் டெய்லர் மோதியதில் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்து, அவர் அதற்கப்புறம் ஆடவே இல்லை. அந்தப் பக்கத்தை அடைத்து நிற்பதுதான் தாமஸின் வேலை. நன்றாகச் செய்தால் பெயரே காதில் விழாது, ஹோல்டிங் பண்ணி (எதிராளியைப் பிடித்து இழுத்து) மாட்டினால்தான் நடுவர் மைக்கில் நம்பரைச் சொல்வார், அணிக்கு 10 கெஜம் போச்சு.

அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள். அணி திரையில் வலப்பக்கம் நோக்கி ஆடினால், வரிசையில் மேலே கடைசியாக நிற்கும் குண்டு ஆள். பந்து நகர்ந்ததும் பின்னோக்கிச் சறுக்கிச் சறுக்கிப் போவார், பிறகு இரண்டு கையையும் எதிராளி நெஞ்சில் கொடுப்பார். மூன்று நொடி தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

மழைநாள் ஆட்டம்:
முக்கியமான எண்ணை விட்டுவிட்டீர்களே பாஸ். 10,363. 2007இல் முதல் ஆட்டத்தில் களமிறங்கியதிலிருந்து 2017 அக்டோபரில் டென்னசிக்கு எதிராக கையின் டிரைசெப்ஸ் தசை கிழியும்வரை, தொடர்ச்சியாக அத்தனை ஸ்நாப் (பந்து நகர்ந்து தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்நாப்), ஒன்றுக்குக்கூட வெளியே உட்காரவில்லை. அதுவும் எந்த அணிக்கு? அவர் காலத்தில் 20 குவார்ட்டர்பேக்குகள் மாறினார்கள். 2007இல் 10 வெற்றி வந்தும் பிளே-ஆஃப் கைநழுவியது, 2017இல் பதினாறு ஆட்டமும் தோல்வி. வேறு ஆளாக இருந்தால் என்னை விட்டுவிடுங்கள் என்று ஓடியிருப்பான். டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) அன்று நியூயார்க் மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், அந்தப் பொறுமைதான் கைகொடுத்தது என்று எனக்கு ஒரு எண்ணம்.

டிஃபென்ஸ்தான் கெத்து:
பொறுமை எல்லாம் சரி, உடம்பையும் சொல்லுங்கள். ஏறக்குறைய 140 கிலோவில் ஆடினார். அந்த எடை தானாக நிற்காது, வயிறு நிறைந்த பிறகும் தின்றுகொண்டே இருக்க வேண்டும், அதுவும் வேலைதான். 2018இல் ஓய்வு பெற்றதும் 20 கிலோவுக்கு மேல் இறக்கிவிட்டார், இப்போதைய படத்தைப் பார்த்தால் தம்பி என்பீர்கள்.

இன்னொன்று, லெஃப்ட் டேக்கிள் புகழ் கொஞ்சம் ஓவர். இப்போதெல்லாம் நல்ல ரஷர்களை (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்கள்) ரைட் டேக்கிள் பக்கமும் ஏவிவிடுகிறார்கள், அங்கே ஓட்டை இருந்தாலும் கதை முடிந்தது.

புதுரசிகன்:
நன்றி நண்பர்களே. நேற்று ராத்திரி பழைய பிரவுன்ஸ் ஆட்டம் ஒன்றைப் போட்டு அவரை மட்டும் பார்க்க உட்கார்ந்தேன். மூன்று ஸ்நாப் ஒழுங்காகப் பார்த்தேன், நாலாவதில் கண் பழையபடி பந்துக்குப் பின்னாலேயே ஓடிவிட்டது.