மூணு நாளில் பூனை பழகிடுமாம், ஆத்து மணல் போதுமாம்!

வெண்ணாறு77:
போன வாரம் இங்கே ஒரு பெரியவர் அருள்வாக்கு சொன்னார். "வெளியே திரிஞ்ச பூனையா இருந்தாலும் ஒரு பேசின்ல ஆத்து மணல் கொட்டி வை, மூணு நாளில் ஒண்ணுக்கு ரெண்டுக்கு அதுலயே போகத் தானா பழகிடும். கடையில விக்கிற கேட் லிட்டர், அதான் பூனைக் கழிப்பறைக்குப் போடற மண்ணு, அதெல்லாம் பட்டணத்துக்காரன் பம்மாத்து." நம்பினேன். இன்னிக்கு பதினோராவது நாள்.

எங்க பூனை நாலு வயசு கடுவன். நீடாமங்கலத்துல இருந்தவரைக்கும் கொல்லை வாழையடிதான் அவனுக்கு எல்லாம். ஆடி முடிஞ்சு தஞ்சாவூர் மாடி வீட்டுக்கு வந்துட்டோம். இங்கே கொல்லையே கிடையாது. பேசின்ல மணல் கொட்டி வெச்சேன். வந்தான். விளிம்புல முன்னங்கால் ரெண்டையும் வெச்சு மோந்தான், ஒரு காலை உதறினான், நேரா பால்கனிக்குப் போய் மாமியாரோட துளசித் தொட்டியில ஏறி உக்காந்துட்டான். வேலையை முடிச்சு, மண்ணை இழுத்து மூடி, மோந்து பார்த்து, திருப்தியில்லாம மறுபடி மூடினான். மாமியார் மூணு நாளா என்கூட பேசலை. மூணு நாள் கணக்கு அதுக்குத்தான் போல.

கொள்ளிடக்கரையான்:
அந்தப் பெரியவர் நான்தான். பேர் சொல்லியே கேட்டிருக்கலாம். ஒரே கேள்வி. நீங்க போட்டது ஆத்து மணலா? டவுனுல இப்ப யாரும்மா ஆத்து மணல் வெச்சிருக்கா? எல்லாம் எம்-சாண்ட், கல்லை உடைச்ச தூள். முனை குத்தும். காலை உதறினான்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

டிகிரிகாபி:
வந்துட்டார்யா மணல் மகாராஜா. போன வருஷம் நாட்டுக்கோழிக் கழிச்சலுக்கும் இவர் மருந்து ஆத்து மணல்தான். கோழி என்ன ஆச்சுன்னு இன்னிவரைக்கும் சொல்லலை.

அண்ணே, மணல் ஈரத்தைப் பிடிச்சு வைக்காது. மூத்திரம் அடியில இறங்கித் தேங்கும். நாலாம் நாள் வீடே நாறும். கடை லிட்டர்ல பெண்டோனைட் களிமண் இருக்கு. ஈரம் பட்டா ஊதி, கட்டியாகும். கட்டியை மட்டும் அள்ளிப் போட்டா முடிஞ்சுது. 1947ல அமெரிக்காவுல எட் லோன்னு ஒருத்தர் முதன்முதலா பூனைக்குக் களிமண் வித்தார், நம்ம வீட்டுப் பொண்ணுங்க மூஞ்சில பூசற முல்தானி மெட்டி ஜாதி. அதுக்கு முன்னாடி அங்கேயும் சாம்பலும் மணலும்தான்.

கொள்ளிடக்கரையான்:
அப்போ அமெரிக்காக்காரனும் மணல்தான் போட்டான்! நன்றி தம்பி, என் வேலையை நீயே முடிச்சுட்டே. கோழி நல்லா இருக்கு.

டிகிரிகாபி:
போட்டான், நாத்தம் தாங்காம விட்டான்! முழுசாப் படிங்கண்ணே.

கால்நடை_தங்கச்சி:
வணக்கம். ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவம் படிக்கிறேன். அக்கா, அவன் துளசித் தொட்டியைத் தேடிப் போறதே நல்ல விஷயம். இத்தனை வருஷம் தோண்டின மண் மாதிரி எது தெரியுதோ அதைத்தான் தேடுவான். அந்தத் தொட்டி மண்ணையே கொஞ்சம் எடுத்து பேசின்ல மேலாக பரப்புங்க, கீழே லிட்டரோ மணலோ இருக்கட்டும். நாலஞ்சு நாளுக்கு ஒரு தடவை மண்ணைக் குறைச்சுக்கிட்டே வாங்க. துளசித் தொட்டியில கூழாங்கல்லை நெருக்கி அடுக்கிடுங்க, தோண்ட முடியாது. பழகும்வரை ஒரு சின்ன ரூம்ல பேசினோட விட்டு வைங்க, சாப்பாட்டுத் தட்டு எதிர்மூலையில. பேசின் அவன் நீளத்தைப் போல ஒண்ணரை மடங்காவது இருக்கணும்.

முக்கியமா: கடுவன் அடிக்கடி உக்காந்து முக்கறான், ஒண்ணும் வரலைன்னா அது பழக்கப் பிரச்சினை இல்லை, மூத்திர அடைப்பு. அன்னிக்கே ஆஸ்பத்திரி. காத்திருந்தா உயிருக்கே ஆபத்து.

கொள்ளிடக்கரையான்:
"மணலோ" அப்படின்னு தங்கச்சியே சொல்லியிருக்கு. குறிச்சு வெச்சுக்குங்க.

ரைஸ்மில்_ராசா:
உமி போடுங்கப்பா. நம்ம டெல்டாவுல உமிக்கா பஞ்சம்? மில்லுல மூட்டை மூட்டையா கிடக்கு.

கொள்ளிடக்கரையான்:
உமி பறக்கும். ஃபேன் போட்டா சோத்துல விழும். பூனை தும்மும். அடுத்த ஆள்.

ரைஸ்மில்_ராசா:
அடுத்த ஆளா? இது உங்க பஞ்சாயத்து வாசலா?

மன்னை மாமி:
எங்காத்துப் பூனை ஐப்பசி அடைமழையில கொல்லை முழுக்கத் தண்ணி நிக்கறச்சே அடுப்புச் சாம்பல்ல போயிடும். வறுமைன்னா அடுப்புல பூனை தூங்கும்பா, இது வேற காரியம் பண்ணித்து. மணலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். போன இடத்துல பினாயில் ஊத்தினா மறுபடி வராது.

கால்நடை_தங்கச்சி:
மாமி, பினாயில் வேண்டவே வேண்டாம். பூனைக்கு அது விஷம். பாதத்துல பட்டதை நக்கியே முழுங்கிடும். அம்மோனியா வாசனை வர்ற கிளீனரும் கூடாது, மூத்திர வாசனைன்னு நினைச்சு அதே இடத்துக்கு வரும்.

மன்னை மாமி:
நாப்பது வருஷமா ஊத்தறேன் கொழந்தே. இப்பத்தி படிப்பு.

வெண்ணாறு77:
தங்கச்சிக்கு நன்றி. கரையான் அண்ணனுக்கு: நான் போட்டது எம்-சாண்ட் இல்லை. வீட்டு ஓனர் மாடி கட்டினப்போ மிஞ்சின மணல், சலிச்சுப் போட்டது. ஆத்து மணல்தான்.

கொள்ளிடக்கரையான்:
எந்த ஆத்து மணல்?

வெண்ணாறு77:
ஆத்து மணல்னா ஆத்து மணல். அதுல என்ன எந்த ஆறு?

கொள்ளிடக்கரையான்:
அங்கேதான் தப்பு. கொள்ளிடத்து மணல் வேற, மத்தது வேற. முக்கொம்புல பிரிஞ்சு வெள்ளம் பூரா அந்தப் பக்கம் போகுது, மணல் கழுவிக் கழுவி சுத்தமாயிருக்கும். தஞ்சாவூருக்குள்ள ஓடறது புது ஆறு, 1934ல வெட்டின கால்வாய். கால்வாய்ல ஏதும்மா மணல்?

வெண்ணாறு77:
தஞ்சாவூர்ல வெண்ணாறும் வடவாறும் ஓடறது உங்க கண்ணுக்குத் தெரியலையா? வெண்ணாறும் கல்லணையில பிரியற காவிரித் தண்ணிதான். எங்க ஆத்துல மணல் இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?

டிகிரிகாபி:
பூனைக்குக் கழிப்பறை கேட்டா காவிரி நடுவர் மன்றம் உக்காந்துடுச்சு.

கொள்ளிடக்கரையான்:
கும்பகோணத்துக்காரங்க வாயைத் திறக்க வேண்டாம். உங்க அரசலாத்துல சாக்கடை கலக்குது.

டிகிரிகாபி:
யூனிட் மணல் என்ன விலை விக்குதுன்னு தெரியுமாண்ணே? அந்தக் காசுக்கு ஒரு வருஷத்துக்கு லிட்டர் வாங்கலாம்.

கொள்ளிடக்கரையான்:
பூனைக்கு எதுக்குய்யா ஒரு யூனிட், நூறு கன அடி? ஒரு சிமெண்டுச் சட்டி போதும். ரெண்டு அங்குலம் பரப்பு, தினமும் அள்ளு, வாரம் ஒரு தடவை மாத்து. 1994லேர்ந்து எங்க வீட்ல பூனை இருக்கு, ஒரு நாள் நாறினதில்லை.

ரைஸ்மில்_ராசா:
அண்ணே, உங்க வீடு ஆத்தங்கரையில. பூனை ஆத்துக்கே போயிட்டு வருது. அது உள்ளே பழகின பூனையே இல்லை!

கொள்ளிடக்கரையான்:
பேசின்லயும் போகும், ஆத்துலயும் போகும். அதுக்கும் உங்க உமிக்கும் என்ன சம்பந்தம்?

கால்நடை_தங்கச்சி:
தினமும் அள்ளணும்கிறது சரி. வீட்ல கர்ப்பிணி இருந்தா அவங்க அள்ள வேண்டாம். பூனைக் கழிவுல வர்ற ஒரு ஒட்டுண்ணி தொத்தும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனாலதான் அன்னன்னிக்கே எடுக்கச் சொல்றது. ஒரு பூனைக்கே ரெண்டு பேசின் நல்லது. அக்கா, அவன் வால் தூக்கி நின்னுக்கிட்டே சுவத்துல பீச்சறானா? அப்படின்னா அது எல்லை போடறது, கருத்தடை பண்ணினா பெரும்பாலும் குறையும்.

மன்னை மாமி:
கருத்தடையாம்! வாயில்லா ஜீவனுக்கு!

வெண்ணாறு77:
சுவத்துல இல்லைம்மா, துளசியிலதான். நீ சொன்ன மாதிரி முந்தாநாள் தொட்டி மண்ணு ரெண்டு கை பேசின்ல போட்டேன். நேத்து ராத்திரி பதினொரு மணி இருக்கும், சரக் சரக்குன்னு சத்தம். லைட் போடாம கதவிடுக்குல பார்த்தேன். பேசின்ல நாலு காலும் உள்ளே! காலையில பார்த்தா பாதி உள்ளே, பாதி விளிம்புக்கு வெளியே. போதும், முதல் தடவை.

கொள்ளிடக்கரையான்:
கீழே என்ன இருந்துது? மணல்தானே? நான் சொன்னேனா இல்லையா?

வெண்ணாறு77:
மேலே இருந்தது துளசி மண்ணு! பன்னெண்டு நாளா மணல் மட்டும் இருந்தப்போ திரும்பிக்கூட பார்க்கலை!

கொள்ளிடக்கரையான்:
துளசித் தொட்டியில வெறும் களிமண்ணா வைப்பாங்க? செம்மண்ணோட மணல் கலந்துதான் வைப்பாங்க. உங்க மாமியாரைக் கேளுங்க.

வெண்ணாறு77:
அவங்கதான் பேசறதில்லையே.

டிகிரிகாபி:
கேட்டாலும், எந்த ஆத்து மணல்னு கேப்பார்.

கொள்ளிடக்கரையான்:
கேப்பேன். எந்த ஆத்து மணல்?